கேசட்டில் கிடக்கும் கல்யாணம்

கேள்வி: அக்கா கல்யாணத்தையும் அந்த வருஷக் கோடை விழாவையும் அப்பா ஹேண்டிகேமில், மினிடிவி (MiniDV) கேசட்டில் எடுத்து வைத்திருக்கிறார். கேமரா இன்னும் ஓடுகிறது. லினக்ஸ் மின்ட் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி கேபிளைச் சொருகினால் மெமரி கார்டில் இருக்கும் நாலு ஃபோட்டோ மட்டும்தான் வருகிறது. விண்டோஸ் போட்டால்தான் வீடியோ வரும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
- வாசகி, ஏற்காடு

பதில்: விண்டோஸ் போட்டுவிட்டு அதே கேபிளைச் சொருகினாலும் அந்த நாலு ஃபோட்டோதான் வரும், பேசாமல் மின்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் யூஎஸ்பி ஃபோட்டோவுக்குத்தான். டேப்பில் இருப்பது தரம் குறையாமல் வெளியே வரும் வழி ஃபயர்வயர் என்ற வேறொரு இணைப்பு. சோனியில் ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும், மூடிக்குள்ளே பொடிசாக நான்கு பின் உள்ள துளை. டெஸ்க்டாப் என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று மலிவாக ஒரு கேபிள் விற்கிறார்களே, அது சுத்த ஏமாற்று, பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் டிவிகிராப் (dvgrab) என்ற புரோகிராமை நிறுவி, கேமராவை பிளே மோடில் வைத்து கட்டளை தட்டும் டெர்மினலில் ஓட்டினால் டேப்பை அதுவே சுற்றவிட்டு இழுத்துக்கொள்ளும், கேட்டால் ஒவ்வொரு ஷாட்டையும் எடுத்த தேதி, நேரத்தோடு தனித்தனி ஃபைலாகப் பிரித்தும் தரும். அனுமதி இல்லை என்று அடம்பிடித்தால் உங்கள் பயனர் பெயரை 'வீடியோ' குழுவில் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து வாருங்கள். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. சுமார் 13 ஜிபி இடமும் பிடிக்கும். அசலை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டரில் சுருக்கிக்கொள்ளலாம்.

நீங்கள் ஏற்காடு என்பதால் இன்னொன்று. உங்கள் ஊர் மூடுபனிக்குக் கேசட்டில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேசட்டின் ஜன்னல் வழியே பாருங்கள், டேப் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைக் கேமராவில் போடவே போடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட் போய்விடும். திரையில் நீர்த்துளிப் படம் வந்து கேமரா ஓட மறுத்தால் உள்ளே ஈரம் என்று அர்த்தம். கேசட்டை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தபடி ஒரு மணி நேரம் விடுங்கள்.

கேள்வி: டிஜிட்டல் எஸ்எல்ஆரை உபுண்டு லினக்ஸில் இணைத்து, கேமராவைக் கம்ப்யூட்டரிலிருந்தே இயக்கும் ஜிஃபோட்டோ2 (gphoto2) புரோகிராமை ஓட்டினால் கேமராவைப் பிடிக்க முடியவில்லை என்று பிழை வருகிறதே?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: சொருகிய உடனே ஃபைல் மேனேஜர் முந்திக்கொண்டு கேமராவைத் திறந்திருக்கும். அதில் கேமரா பெயர் மேல் ரைட் கிளிக் செய்து அன்மவுண்ட் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். இதே கேமராவை நேரலைக்குப் பயன்படுத்தத்தான் என்றால் எச்டிஎம்ஐ கேப்சர் ஸ்டிக் வாங்குங்கள், லினக்ஸ் அதை வெப்கேமாகவே எடுத்துக்கொள்ளும், நேரலை புரோகிராமான ஓபிஎஸ்ஸில் (OBS) நேராக வரும்.