இலவசமாகத் தருபவரோடு சண்டை: கேள்வி பதில்

யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு சின்னக் கட்டற்ற மென்பொருளை ஒன்பது வருடமாகப் பராமரிக்கிறேன். சம்பளம் கிடையாது, வேலை நேரம் ராத்திரி பத்து மணிக்கு மேல். அதனால் டெவலப்பர் பக்கம் கொஞ்சம் சாய்வேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் சொன்ன வழுவை (மென்பொருள் பிழையை) "இது வழு அல்ல, வேண்டுமென்றே செய்தது" என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள். பயன்படுத்துகிறவனுக்கு மரியாதையே இல்லையா?

பதில்: பாதிச் சண்டை இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது தம்பி. பிட்ஜின் என்ற சாட் மென்பொருளில் தட்டச்சுப் பெட்டியின் விளிம்பை மவுஸால் இழுத்து உயரத்தை மாற்ற முடிந்தது. 2008-ல் வந்த 2.4 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எழுத எழுதப் பெட்டி தானாக வளரும். "பழைய மாதிரி இழுக்க ஒரு ஆப்ஷனாவது கொடுங்கள்" என்று பயனர்கள் கேட்டார்கள். முடியாது என்றார்கள் டெவலப்பர்கள். ஒரு பெட்டியின் உயரத்துக்காகச் சண்டை முற்றி, பிட்ஜினின் நிரலைப் பிரித்தெடுத்து ஃபன்பிட்ஜின் என்று ஒன்று கிளம்பியது, பிறகு கேரியர் என்று பெயர் மாறியது. பின்னாளில் பெட்டி குறைந்தது எத்தனை வரி இருக்க வேண்டும் என்று அமைக்கும் வசதி பிட்ஜினிலேயே வந்துவிட்டது!

ஆப்ஷன் கொடுக்கத் தயங்குவது திமிர் மட்டுமல்ல. ஆமா, இல்லை என்று பத்து ஆப்ஷன் இருந்தால் 1,024 சேர்க்கைகள். எதில் உடைந்தாலும் கேள்வி எனக்குத்தான் வரும். ஆனாலும் கை பழகிய ஒன்றைப் பிடுங்குகிறவர், ஏன் என்பதைப் புதிய பதிப்போடு சேர்த்தே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டு நானே இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எதைச் சொன்னாலும் "பேட்ச் அனுப்பு" (நீயே நிரலைத் திருத்தி அனுப்பு) என்கிறார்களே? எனக்கு கோட் எழுத வராது மேடம்.

பதில்: சாம்பாரில் உப்பில்லை என்றவரிடம் கரண்டியைக் கொடுக்கிற கதை. பல நேரம் அதற்கு "எனக்கு ஆர்வமில்லை" என்றுதான் அர்த்தம், நேராகச் சொல்லக் கூச்சம். எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது உடைந்தது, திரையில் என்ன வந்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் வரும் கடிதங்களை நான் திறப்பதோடு சரி.

கேள்வி: பிடிக்கவில்லையென்றால் ஃபோர்க் செய்து, நிரலைத் தனியாகப் பிரித்தெடுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதானே?

பதில்: செய்யலாம், உரிமமே அனுமதிக்கிறது. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் க்னோம் என்று ஒரு டெஸ்க்டாப் உண்டு. 2011-ல் க்னோம் 3 வந்து பழைய டெஸ்க்டாப்பைத் தலைகீழாக்கியது, மினிமைஸ் பட்டன்கூடக் காணோம். க்னோம் 2-ஐ விட மனமில்லாதவர்கள் மாட்டே என்று தொடர்ந்தார்கள், லினக்ஸ் மின்ட்காரர்கள் சின்னமன் செய்தார்கள். இரண்டும் இன்றும் இருக்கின்றன. ஆனால் கோபத்தில் பிரிந்தவர்களுக்கு மறுவாரமே தெரிந்துவிடும், வழு ரிப்போர்ட்டுகள் இனி அவர்கள் வீட்டு வாசலுக்கு வரும் என்று.

கேள்வி: அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்பதுகூடத் தப்பா?

பதில்: ஒரு தடவை கேட்டால் தப்பில்லை. எக்ஸ்இசட் கதை தெரியுமா? கோப்புகளைச் சுருக்கும் கருவி, லினக்ஸ் இருக்கும் இடமெல்லாம் இருக்கும், பார்த்துக்கொண்டவர் ஒற்றை ஆள். 2022-ல் சில கணக்குகள் "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைப் போடுங்கள்" என்று அவரை நச்சரித்தன. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, மனநலமும் சரியில்லை என்று அவர் பதில் எழுதினார். உதவிக்கு வந்த ஜியா டான் என்ற பெயர்க்காரரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு போனது. 2024-ல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக உள்ளே நுழையப் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற டெவலப்பர் மார்ச் மாதம் அதைக் கண்டுபிடித்தார். நச்சரித்த கணக்குகளும் அந்தச் சதியின் பங்கு என்றே பலரும் சந்தேகிக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு: அந்தக் கடிதங்கள் யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட கடிதம் எங்களுக்கு வாராவாரம் வருகிறது.

கேள்வி: டிஸ்ட்ரோவில் (லினக்ஸையும் மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பில்) இருக்கும் பழைய பதிப்பில் உடைந்தால் யாரிடம் போவது?

பதில்: முதலில் டிஸ்ட்ரோகாரரிடம். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைக்காப்பு மென்பொருளை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கி, என்றோ சரிசெய்த வழுக்களுக்கே ரிப்போர்ட் வாங்கி அலுத்து, "இது மிகப் பழைய பதிப்பு" என்று நிரலிலேயே எச்சரிக்கை வைத்தார். 2016-ல் டெபியன் என்ற டிஸ்ட்ரோவில் அதைப் பற்றிப் பேச்சு எழ, தன் நிரலையே எடுத்துவிடச் சொன்னார்.

கேள்வி: நான் போன மாதம் 500 ரூபாய் நன்கொடை அனுப்பினேன் அக்கா. என் கோரிக்கையை முதலில் பார்க்கலாமே?

பதில்: வந்தது, நன்றி. பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா, வரிசையில் நிற்கிறீர்களா?