மதியம் இரண்டரைக்குத் திணறும் சர்வர்: சராசரியைப் பார்த்து ரேம் வாங்காதீர்கள்

கேள்வி: ரங்கூன் பயின்னவுங் மொத்தச் சந்தையில் எங்கள் குடும்பத்துக்கு உளுந்து, துவரை ஏற்றுமதி வியாபாரம். கணக்கும் ஸ்டாக்கும் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. தினமும் மதியம் இரண்டரை மணி ஆனால் ஒரு பில் போடவே ஐந்து நிமிடம் ஆகிறது. மூன்று மணி தாண்டியதும் தானாகச் சரியாகிவிடுகிறது. சர்வரைப் போட்டுக் கொடுத்தவர் அதில் பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட் பதிவை ஓட விட்டிருக்கிறார். பிஎம்லாக்சம்மரி என்று ஏதோ போட்டு ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். டிஸ்க் சராசரி 0.057, ஃப்ரீ மெமரி 16 ஜிபியில் 310 எம்பி என்று இருந்தது. "டிஸ்க் சும்மாதான் இருக்கிறது, மெமரிதான் போதவில்லை, ரேம் போடுங்கள், இல்லாவிட்டால் புது சர்வர் எடுங்கள்" என்கிறார். என் தம்பி சொன்னபடி, டிஸ்க்கின் அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று நானே எடுத்துப் பார்த்தேன். 0.99 என்று வந்தது, ஆனால் காலை 8.02-க்கு. அப்போது கடையே திறந்திருக்காது. ரேம் வாங்கலாமா? (ஒரு வாசகி, ரங்கூன்)

பதில்: வாங்காதீர்கள் அம்மா. ரேமும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதிய அந்த 8.02-இல்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் அவர் கொடுத்த தாளைப் பார்த்துவிடுவோம்.

பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட் நல்ல கருவி. 1990-களில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் உருவாகி, 2000-ஆம் ஆண்டில் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது. அது சர்வரின் நாடியைப் பிடித்துப் பார்த்து, பெரும்பாலான அளவுகளை நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து வைக்கும். பிஎம்லாக்சம்மரி அந்தக் குறிப்பேட்டைப் படித்து, ஒவ்வொரு அளவையும் ஒரே எண்ணாகச் சுருக்கித் தரும். நாம் வேறு எதுவும் கேட்காவிட்டால் அது தருவது சராசரி மட்டும். எந்த நேரத்துக்கு என்றும் சொல்லாவிட்டால், அந்தக் கோப்பில் இருக்கும் மொத்த நேரத்துக்குமான சராசரி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. டிஸ்க் ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் வேலை செய்தால் அந்த அளவு 1. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். அதில் 40 நிமிடம் உங்கள் டிஸ்க் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடியது என்று வையுங்கள். மீதி 1,400 நிமிடத்தில் நூற்றில் மூன்று பங்கு நேரம்தான் அதற்கு வேலை, அதாவது 42 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 82. அதை 1,440-ஆல் வகுத்தால் 0.057. உங்கள் தாளில் இருக்கும் அதே எண். உங்கள் கடையில் நடந்தது அச்சு அசல் இதுதான் என்று நான் சொல்லவில்லை. தினமும் 40 நிமிடம் உங்கள் உயிரை எடுக்கும் ஒரு டிஸ்க், முழு நாள் சராசரியில் சாதுவாகத் தெரிய முடியும் என்பதைக் காட்டத்தான் இது. உங்களைத் தொந்தரவு செய்வது மதியம் இரண்டரை மணி. இரவு முழுக்க யாரும் தொடாத மெஷினின் தூக்கத்தையும் அதோடு கலந்து சராசரி எடுத்தால் அது எதற்குப் பதில்?

உங்கள் தம்பி சொன்னது சரியான வழி. கட்டளையில் மைனஸ் போட்டுப் பெரிய எழுத்து எம் சேர்த்தால் அதிகபட்சம் வரும். பெரிய எழுத்து ஐ சேர்த்தால் அந்த அதிகபட்சம் எத்தனை மணிக்குப் பதிவானது என்று வரும். சின்ன எழுத்தில் தட்டிவிட்டால் குறைந்தபட்சமும் அதன் நேரமும் வந்துவிடும், கவனம். இந்த இரண்டு எழுத்தையும் போடாமல் எடுத்த தாளை யார் நீட்டினாலும் வாங்கி ஓரமாக வையுங்கள். இந்தக் கருவியை எழுதியவர்கள் இதை முதலிலேயே தானாகக் காட்டும்படி செய்திருக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும் என்று வைத்திருப்பதால், கேட்கத் தெரியாத கடைக்காரர்கள்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

சரி, 8.02-க்கு வருவோம். அது காலை எட்டு மணி அல்ல. உங்கள் மதியம் 2.32.

சர்வர் இருக்கும் அறைக்குப் போய், டேட் என்று தட்டி எண்டர் அடியுங்கள். சுவர்க் கடிகாரம் பத்து மணி காட்டும்போது சர்வர் 3.30 என்றும், பக்கத்தில் யுடிசி என்றும் சொன்னால், நான் நினைத்தது சரி. யுடிசி என்பது உலகப் பொது நேரம். பர்மா அதற்கு ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. லினக்ஸை நிறுவும்போது எந்த ஊர் என்று ஒரு திரை கேட்கும். அவசரக்காரர்கள் அதைப் படிக்காமல் எண்டர் அடித்துப் போய்விடுவார்கள். அந்த ஒரு எண்டருக்காக ஒரு குடும்பம் மாதக்கணக்கில் மதிய வியாபாரத்தைத் தொலைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த நேர விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விவரம் தெரிந்தவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். பிஎம்லாக்சம்மரி தான் ஓடும் மெஷினின் நேரப்படிதான் மணியைக் காட்டும். உங்கள் கோப்பைச் சென்னையில் ஒருவர் பார்த்தால் ரங்கூனின் 2.30 அவருக்கு 1.30 என்று தெரியும். சிங்கப்பூரில் பார்த்தால் 4.00 என்று தெரியும். அதற்காகத்தான் சின்ன எழுத்து இசட் இருக்கிறது. அதைப் போட்டால், பதிவான சர்வர் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அந்த நேரத்தில் காட்டும். இணையத்தில் யாரைக் கேட்டாலும் சின்ன இசட் போடு என்றுதான் சொல்வார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் அது உதவாது. உங்கள் சர்வரே தான் யுடிசியில் இருப்பதாக நம்புகிறது, அதனால் சின்ன இசட் போட்டாலும் 8.02-தான் வரும். நீங்கள் போட வேண்டியது பெரிய எழுத்து இசட். அதன் பின்னால் ஏசியா, ஒரு சாய்வுக்கோடு, யாங்கோன். 2016 வரை அந்தப் பட்டியலில் நம் ஊர் ரங்கூன் என்றே இருந்தது, பழைய பெயரைப் போட்டாலும் பெரும்பாலான மெஷின்கள் ஏற்றுக்கொள்ளும். யாராவது ஊர்ப் பெயருக்குப் பதில் பிளஸ் ஆறரை என்று எண்ணாகப் போடச் சொன்னால் போடாதீர்கள். அந்த முறையில் கிழக்கே இருக்கும் நாடுகளுக்கு மைனஸ் குறி போட வேண்டும். பிளஸ் போட்டால் மணி எதிர்ப்பக்கம் ஓடி, பதின்மூன்று மணி நேரம் தள்ளிக் காட்டும்.

பெரிய இசட் போட்ட பிறகு நேரத்தையும் குறுக்குங்கள். பெரிய எஸ் தொடக்கம், பெரிய டி முடிவு. தொடக்கத்துக்கு அட் குறியோடு 14:00, முடிவுக்கு அட் குறியோடு 16:00. இப்போது மதியம் இரண்டு முதல் நான்கு வரைக்குமான சராசரியும் அதிகபட்சமும் மட்டும் வரும். டிஸ்க் எண் எங்கே போய் நிற்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பதிவுக் கோப்பு நள்ளிரவு கடந்து பத்து நிமிடத்தில் மாறும். உங்கள் சர்வருக்கு நள்ளிரவு என்பது நமக்கு விடிகாலை ஆறரை. அதனால் உங்கள் ஒரு நாள் கோப்பு என்பது காலை 6.40 முதல் மறுநாள் காலை 6.40 வரை.

டிஸ்க்கை அந்த நேரத்தில் யார் பிடித்து உலுக்குகிறார்கள்? என் சந்தேகம் பேக்கப் மேல்தான். தினமும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே மாதிரி முடிகிறது என்றால் அது மனிதர்கள் செய்யும் வேலை அல்ல. கடை திறக்குமுன் பேக்கப் முடியட்டும் என்று காலை எட்டு மணிக்கு வைத்திருப்பார். நல்ல எண்ணம்தான். ஆனால் யுடிசி சர்வரில் எட்டு மணி என்றால் ரங்கூனில் இரண்டரை. சந்தையில் விலை பேசி முடித்து எல்லோரும் பில் போட உட்காரும் நேரத்தில், அது முழு டிஸ்க்கையும் நகல் எடுக்க ஆரம்பிக்கிறது. குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலுக்குக் கிரான்டேப் என்று பெயர். கிரான்டேப் மைனஸ் சின்ன எல் என்று ரூட் கணக்கில், அதாவது சர்வரின் முழு அதிகாரமும் உள்ள லாகினில், தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் முதல் எண் நிமிடம், அடுத்தது மணி. ஒரு வரி சுழியமும் எட்டுமாகத் தொடங்கினால் அதுதான் ஆள். அங்கே இல்லையென்றால் ஈடிசி அடைவில் இருக்கும் கிரான் கோப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திருத்த அந்த இரண்டு எண்ணையும் 30, 1 என்று மாற்றினால் போதும். யுடிசி 1.30 என்றால் நமக்குக் காலை எட்டு. சர்வரின் நேரத்தையே ரங்கூனுக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். அதைக் கணக்கு மென்பொருள் எழுதியவரைக் கேட்காமல் செய்யாதீர்கள், பழைய பில்களின் தேதி குழம்பலாம். காலை எட்டு மணிக்குக் கரண்ட் இல்லாமல் சர்வர் அணைந்திருந்தால் அன்றைய பேக்கப் நடக்காது, அது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். கரண்ட் போன நாட்களில் பதிவும் துண்டு துண்டாக இருக்கும். போன நேரத்தைத் தாண்டி ஒரே கணக்காகச் சுருக்காமல், கரண்ட் இருந்த நேரத்தை மட்டும் எஸ், டி போட்டு எடுங்கள்.

அப்புறம் அந்த 310 எம்பி. இது பழைய வித்தை. லினக்ஸ் காலியாகக் கிடக்கும் மெமரியைச் சும்மா விடாது. டிஸ்க்கிலிருந்து படித்ததையெல்லாம் அதில் அடுக்கி வைத்துக்கொள்ளும், அடுத்த முறை கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க. எந்தப் புரோகிராமாவது இடம் கேட்டால் அந்த அடுக்கைக் கலைத்துக் கொடுத்துவிடும். உளுந்து வராத மாதம் கிடங்கைப் பூட்டி வைக்காமல் துவரையை இறக்கி வைக்கிறீர்கள் அல்லவா, அதே மாதிரி. ஆகவே நன்றாக ஓடும் எந்த லினக்ஸ் சர்வரிலும் சில நாட்கள் கழித்து ஃப்ரீ மெமரி குறைவாகத்தான் தெரியும். 16 ஜிபி போட்டால் 16 ஜிபியும் நிரம்பும், 64 போட்டால் 64-உம் நிரம்பும். எனக்குத் தெரிந்த ஓர் அரிசி மொத்த வியாபாரி இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து லட்சக்கணக்கான கியாட்டுக்கு ரேம் வாங்கினார். இரண்டு வாரத்தில் ஃப்ரீ மெமரி பழையபடி சில நூறு எம்பிக்கு வந்தது, விற்றவர் "இன்னும் போடணும்" என்றார். மெஷின் மெதுவாக ஓடியது வேறு காரணத்தால்.

நீங்கள் பார்க்க வேண்டியது மெம்.யுடில்.அவைலபிள் என்ற அளவு. கேட்டால் உண்மையில் எவ்வளவு இடம் கொடுக்க முடியும் என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே கணக்குப் போட்டுச் சொல்வது அது. இரண்டு முதல் நான்கு மணிக்குள் அதன் குறைந்தபட்சத்தை எடுங்கள், இதற்குத்தான் சின்ன எம். சில ஜிபி இருந்தால் மெமரிப் பேச்சை அதோடு முடித்துவிடலாம். அது அடிமட்டத்துக்குப் போய், கூடவே ஸ்வாப்.பேஜஸ்அவுட் என்ற அளவும் (மெமரியில் இடம் போதாமல் டிஸ்க்குக்குத் தள்ளப்படுவதைக் காட்டுவது இது) அந்த இரண்டு மணி நேரம் முழுக்க சுழியத்துக்கு மேலேயே நின்றால், அப்போது மட்டும் ரேம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

நோய் என்ன என்று சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும் வரை இந்தத் தொல்லை தீராது. இங்கே வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று பணம் வாங்குகிறவர்களில் பலர், மெஷின் நன்றாக ஓடினால் தங்களுக்கு வேலையில்லை என்றே நினைக்கிறார்கள். அடுத்த முறை அவர் வந்தால் சண்டை போடாதீர்கள். "மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, ரங்கூன் நேரத்தில், டிஸ்க் அதிகபட்சமும் அவைலபிள் மெமரி குறைந்தபட்சமும், நேரத்தோடு எடுத்துக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். எடுத்துக் கொடுத்தால் அவரோடு மேலே பேசலாம். மழுப்பினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.

ஒரு வேலையை இன்றே செய்யுங்கள். இந்தப் பதிவுகள் வழக்கமாக 14 நாளில் தானாக அழிந்துவிடும். மெதுவாக ஓடிய ஏதாவது இரண்டு நாட்களின் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரே பெயரில் மூன்று கோப்பு இருக்கும். சுழியம், மெட்டா, இன்டெக்ஸ் என்று கடைசி மட்டும் மாறும், மூன்றும் வேண்டும். பேக்கப் நேரத்தை மாற்றி நான்கு நாள் ஆன பிறகு, அதே கட்டளையைப் புதுக் கோப்பில் ஓட்டி, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதிய எண் இறங்காவிட்டால் இரண்டு தாளையும் எனக்கு அனுப்புங்கள்.