தரகர் ஐடியில் ஏலம் எடுக்காதீர்கள்

பெங்களூரு பீன்யாவில் சிறிய ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கும் வாசகரின் கேள்வி: பொதுத்துறை நிறுவனம் ஒன்று கழித்த எச்எம்டி லேத் (கடைசல் மெஷின்), மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசி இணையத்தில் நடத்தும் இ-ஏலத்துக்கு வருகிறது. ‘என் ஐடியில் எடுத்துத் தர்றேன், அஞ்சு பர்சென்ட் கமிஷன்’ என்கிறார் தரகர். சரியா?

வேண்டாம். ஜெயித்தவர் பெயரில்தான் பில்லும் டெலிவரி ஆர்டரும் வரும். அப்புறம் பெயரை மாற்றித் தரமாட்டார்கள். தரகர் உங்களுக்குத் தனியாக பில் போட்டால்தான் ஜிஎஸ்டி கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழிக்கும் வசதி, கிடைக்கும். ‘பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்’ என்பார், மயங்காதீர்கள். பான், ஜிஎஸ்டி, வங்கி விவரம் கொடுத்து உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். முன்பணத்தை இணையதளம் காட்டும் கணக்கில் மட்டும் கட்டுங்கள். ‘ஆபீசில் சொல்லி முடிக்கிறேன்’ என்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கழித்ததெல்லாம் குப்பை அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர் விமானங்களையே நம்ம ஊர் விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல் பழுதுபார்த்துப் பறக்கவைத்தது. ஆனால் எது தேறும் என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். கேட்டலாகில் ‘லேத் - 1’ என்று ஒற்றை வரி எழுதுகிறார்கள். மாடலும் இல்லை, பெட் (லேத்தின் நீண்ட அடிப்பகுதி) நீளமும் இல்லை. வாங்குகிறவர் எதை வைத்து விலை போடுவார்? ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்பதுதான் நிபந்தனை. பிறகு புகார் எடுபடாது.

மெஷினை ஓட்டிக் காட்டமாட்டார்கள். பெட்டைத் துடைத்துவிட்டு, கடையும் பொருளைப் பிடிக்கும் சக்குக்கு அருகே நகத்தால் வருடிப் பாருங்கள். வேலை அதிகம் நடப்பது அங்கே, தேய்வதும் அங்கே. வெட்டும் டூலைத் தாங்கி பெட் மேல் நகரும் சேடிலை அந்த இடத்தில் ஆட்டமில்லாமல் இறுக்கி, மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். வழியில் பிடித்துக்கொண்டால் பெட் தேய்ந்திருக்கிறது. கிரைண்டிங் செலவைக் கழித்து விலை கேளுங்கள். சேஞ்ச் கியர், ஸ்டெடி, ஃபோர் ஜா சக் போன்ற துணைப் பாகங்கள் எல்லாம் கேட்டலாகில் எழுதியிருந்தால்தான் உங்களுடையவை.

18 சதவீத ஜிஎஸ்டி தனி. விற்பது கம்பெனி என்றால் பில்லிலேயே வரும். அரசுத் துறையே நேரடியாக விற்றால், ஜிஎஸ்டி பதிவுள்ள நீங்கள் ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்பவருக்குப் பதில் வாங்குபவரே அரசுக்கு நேரடியாக, கட்ட வேண்டும். அதைக் கையில் உள்ள கிரெடிட்டில் கழிக்க முடியாது. ரொக்கமாகக் கட்டி, பிறகு கிரெடிட் எடுக்கலாம். இதில் ரயில்வே மட்டும் வேறு: துறைதான் என்றாலும், 2023 அக்டோபர் 20 முதல் ரயில்வேயே பில்லில் வரியை வசூலிக்கிறது. நாளை எலகங்கா ரயில் சக்கரத் தொழிற்சாலையில் ஏதாவது எடுத்தால் ரிவர்ஸ் சார்ஜ் என்று நினைத்து இரண்டாம் முறை கட்டிவிடாதீர்கள்.

நீங்களே அதிக விலை கேட்டிருந்தாலும் ‘எஸ்டிஏ’ (ஒப்புதலுக்கு உட்பட்டது) என்று வந்தால், மேலிட ஒப்புதல் வரும்வரை லேத் உங்களுடையது அல்ல. அதுவரை முன்பணம் முடங்கும். சின்னப் பட்டறைக்கு அதுதான் மூலதனம் என்று ஃபைலை வைத்திருப்பவர்கள் நினைப்பதே இல்லை. மெஷினும் வெட்டவெளியில் மழையில் நனைகிறது. ஒப்புதல் வந்ததும் கெடு உங்களுக்கு மட்டும்தான்: பாக்கி தாமதித்தால் முன்பணம் போகும், எடுக்கத் தாமதித்தால் தரைவாடகை ஏறும்.

கிரேனும் ஆளும் உங்கள் பொறுப்பு. பெட் நெடுக ஓடும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவில் சங்கிலி படவே கூடாது. டெயில்ஸ்டாக்கை இறுக்கி, பெட்டுக்கு அடியில் பெல்ட் கொடுத்து, ஓரங்குலம் மட்டும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் கீழே இறக்கி, சேடிலை நகர்த்திச் சமன் பார்த்து இறுக்கிவிட்டு, அதன் பிறகு லாரியில் ஏற்றுங்கள்.