புகையை உள்ளே இழுக்காவிட்டால் சுருட்டு கெடுதல் இல்லையா?

கேள்வி: கும்பகோணத்தில் வரும் தை மாதம் என் மகளின் திருமண வரவேற்பு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனர் மகன், மண்டபத்தில் மேசை போட்டு, விருந்தினர் கண்முன்னே சுருட்டு சுற்றிக் கொடுக்கும் ஒருவரை அமர்த்தலாம் என்கிறான். 'சுருட்டுப் புகையை யாரும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு சரி' என்பது அவன் வாதம். என் அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மூத்த மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஒத்துக்கொள்ளலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம் ஐயா.

வாயோடு சரி என்கிறாரே, அந்த வாயில்தான் வம்பு. வெற்றிலையில் புகையிலை வைத்துப் போடுகிறவர்கள் கூடவே சுண்ணாம்பு தடவுவதை நம் ஊரில் பார்க்காதவர் உண்டா? சுண்ணாம்பின் காரத்தன்மையில் நிகோடின் கன்னத்துச் சதை வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடுகிறது. சுருட்டு இலையை உலர்த்திப் புளிக்கவைப்பதால் அதன் புகைக்கும் அந்தக் காரத்தன்மை வந்துவிடுகிறது. சுண்ணாம்பே தேவையில்லை. வேதாரண்யம் புகையிலையை ஒரு நாளும் கொளுத்தாமல் மென்றே வாய்ப்புற்றோடு வருகிறவர்களை டெல்டா மருத்துவர் எவரும் பார்த்திருப்பார். சுருட்டிலோ மெல்வதற்குப் பதில் புகை. வாய், தொண்டை, உணவுக்குழாய், குரல்வளை நான்கிலும் புற்றுநோய் வர அது போதும். இழுக்கவில்லை என்று சொல்பவர்களும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறார்கள். எனவே நுரையீரலும் தப்புவதில்லை.

அளவையும் பாருங்கள். ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டு ஒன்றிலோ ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு ஈடான புகையிலை இருக்கலாம். அது ஒரு மணி நேரத்துக்கு மேலும் புகைந்துகொண்டிருக்கும். ஏசி போட்டு மூடிய மண்டபத்தில் அந்தப் புகை எங்கே போகும்? ஏசி காற்றைக் குளிர்விக்கும், புகையை வெளியேற்றாது. பிறர் விட்ட புகையைச் சிறிது நேரம் சுவாசித்தாலே, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டென்ட் வைத்த அண்ணனுக்கு இது ஆகவே ஆகாது. கர்ப்பிணியின் ரத்தத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கும். ஈர இலையைத் தொட்டுப் பார்க்கவும் மகளை விடாதீர்கள்; நிகோடின் தோல் வழியாகவும் ஏறும்.

அன்றைக்கே வரக்கூடிய தொல்லைகளும் உண்டு. பழக்கமில்லாத இளைஞர்கள் வெறும் வயிற்றில் நாலு இழுப்பு இழுத்தால் வியர்வை, தலைசுற்றல், வாந்தி. அணைத்துப்போட்ட துண்டை ஒரு சிறு குழந்தை எடுத்து வாயில் வைத்தால் அது நஞ்சு. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சுற்றும் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. நம் உறையூரிலும் ஒரு காலத்தில் சுருட்டு சுற்றிச் சீமைக்கு அனுப்பியவர்கள் இருந்தார்கள். கைவேலையை ரசிக்கலாம்தான். ஆனால் கையில் கிடைத்ததை யாரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகப்போவதில்லை, அங்கேயே பற்றவைப்பார்கள். 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை இருப்பதையும் மைத்துனர் மகனிடம் சொல்லுங்கள். உங்கள் வார்த்தையைவிட அதற்கு மதிப்புக் கொடுக்கக்கூடும்.

விருந்தினர் கண்முன்னே எதையாவது சுற்றிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கும்பகோணம் வெற்றிலை இருக்கிறது. குல்கந்து, தேங்காய்த் துருவல், சோம்பு, ஏலக்காய் வைத்து பீடா மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். புகையிலை கூடாது. பாக்கும் புற்றுநோய் தருவதுதான். அதையும் விட்டுவிடச் சொல்லிவிடுங்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.