மதிப்பெண் அட்டையைத் தாண்டி பிள்ளையின் முன்னேற்றத்தை எப்படி அறிவது?

நேற்று உதவியோடு செய்ததை இன்று தானாக, புதுக் கேள்வியிலும் செய்ய முடிந்தால் அதுதான் முன்னேற்றம். மதிப்பெண்ணில் இது தெரியாது, ஏனென்றால் அது வெறும் கூட்டுத்தொகை. மொத்தத் தொகை மட்டும் போட்ட கடை ரசீதைப் பார்த்து என்ன வாங்கினோம் என்று சொல்ல முடியுமா?

அதனால் விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். 70 எடுத்த இருவரில் ஒருவர் அவசரத்தில் கூட்டலைத் தவறவிட்டிருப்பார். மற்றவர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருப்பார்; மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறார், பின்னமே புரியவில்லை. இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது. "இதை எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள், மனப்பாடம் உடனே தெரிந்துவிடும். (திட்டுகிற குரலில் கேட்டால் வாயே திறக்காது.)

ரேங்க் இறங்கினால் படிப்பும் இறங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள்; பிள்ளையின் மதிப்பெண் கூடியிருந்தாலும், மற்றவர்கள் அதைவிட அதிகம் எடுத்தால் ரேங்க் இறங்கத்தான் செய்யும்.