கேள்வி – பதில்: மலையில் கல்லூரி எங்கே வேண்டும்?

நீலகிரியில், கூடலூரில் அரசுக் கல்லூரி இருக்கும்போது பந்தலூருக்கு இன்னொன்று எதற்கு, 25 கிலோமீட்டர்தானே என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, சேரம்பாடி

25 கிலோமீட்டர் என்பது கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு பாட்டு கேட்டு முடிக்கிற தூரம். ஜூன், ஜூலையில் தேவாலா மழையில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுது. நீங்களோ பந்தலூரையும் தாண்டி இருக்கிறீர்கள்.

நான் பல வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் குடியிருப்பான லைனிலிருந்து ஒரு பெண் வருவாள். மதியம் லேப். கொடுத்த உப்பு எதுவென்று கண்டுபிடிக்கிற சால்ட் அனாலிசிஸில் கடைசி உறுதிச் சோதனைக்கு வரும்போது கடிகாரத்தைப் பார்ப்பாள், டெஸ்ட் டியூபைக் கழுவி ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டு ஓடிவிடுவாள். அடுத்த பஸ் இருட்டின பிறகுதான், இருட்டிவிட்டால் லைனுக்குப் போகிற வழியில் யானை நிற்கும். அவளுடைய ரெக்கார்டு நோட்டில் முடிவு எழுதுகிற இடம் வாரா வாரம் காலியாக இருக்கும், நானும் விதிப்படி மார்க்கைக் குறைத்தேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

திட்டம் போடுகிறவர்களுக்கு அந்தக் காலி இடம் தெரியாது, ஏனென்றால் அவர்கள் கணக்கு மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வியில் பின்தங்கியவை என்று 374 இடங்களைப் பட்டியல் போட்டபோதும் எடுத்துக்கொண்டது மாவட்டத்தைத்தான். 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டுக்கு 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் நீலகிரியில் ஆறு தாலுகா இருக்கிறது, ஊட்டியையும் பந்தலூரையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் பந்தலூர் அதில் காணாமல் போய்விடும்.

சரி, தனிக் கல்லூரி வேண்டுமா? உடனே வேண்டாம் என்பதுதான் என் கருத்து, கோபித்துக்கொள்ளாதீர்கள். வாடகைக் கட்டடத்தில் நாலைந்து பாடப்பிரிவு, கௌரவ விரிவுரையாளர்கள், சரியான லேப் கிடையாது என்று ஒன்றை ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு அது பேருக்குத்தான் கல்லூரி. முதலில் கூடலூரில் பெண்களுக்கு நல்ல ஹாஸ்டல், லேப் முடிகிற நேரத்துக்குச் சேரம்பாடி வரை ஒரு பஸ். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தது, ஆனால் டவுன் பஸ்ஸுக்கு என்று வந்ததால் மலைக்கு விரிவாக்குவதாக அறிவிக்க 2024 பட்ஜெட் வரை ஆனது. சமவெளிக்கு எழுதுகிற விதியில் மலை இப்படித்தான் விட்டுப்போகிறது, நாம் போய் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

கட்டலாம், இடம்தான் இல்லை என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், கூடலூர்

பாதி உண்மை. 1969-இல் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தும் உங்கள் பக்கத்தில் பிரிவு 17 நிலத் தகராறு, அதாவது தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்ட ஜென்ம நிலம் யாருக்கு என்கிற தகராறு, ஓயவில்லை. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் தோட்டம். மலை ஊர்களில் கட்டடம் கட்டுவதற்கான 1993 விதிகள் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்று வரம்பு வைத்தன, அது சரியான விதி, மண் சரிவைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மாடி ஏற்ற முடியாதென்றால் பரப்பித்தான் கட்டவேண்டும், பரப்பினால் சரிவை வெட்டவேண்டும், வெட்டினால் தடுப்புச் சுவர், இப்படிச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி 1955-இல் தொடங்கியது. அது இருப்பது 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் கட்டின ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில். அதுபோல இங்கேயும் மூடிக்கிடக்கிற பள்ளிக்கூடம், காலியான குடியிருப்பு என்று எது இருந்தாலும் முதலில் அதைத் தேடட்டும். ஹாஸ்டலுக்கு அது போதும்.

கொடைக்கானலில் பல்கலைக்கழகமே இருக்கிறது. என் மகன் ஏன் பழனிக்கு இறங்கவேண்டும்?
– ஒரு வாசகர், பூம்பாறை

அட்டுவம்பட்டியில் இருப்பது 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். மலையில் பெண்களுக்கு என்று அப்போதே யோசித்தது பெரிய காரியம், அதைத் தொடவேண்டாம். உங்கள் மகன் பழனிக்கே போகட்டும், ஆனால் தினம் ஏறி இறங்குகிற யோசனை வேண்டாம், உடம்பு தாங்காது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை இரண்டுக்கும் கல்லூரி மாணவர் விடுதிகள் உண்டு. உங்களுக்கு எது பொருந்துமோ அதற்குக் கல்லூரி அப்ளிகேஷன் போடுகிற வாரத்திலேயே எழுதிப்போடுங்கள், அட்மிஷன் முடிந்த பிறகு போனால் இடம் இருக்காது. அப்புறம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அவன் பேரில் பேங்க் கணக்கு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.