இந்தோனேசியாவின் தேசிய வீரர்கள்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே இருந்தபோது அந்த நாட்டின் விடுதலை வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தவன், ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

சார், சுகர்னோதானே முதல் தேசிய வீரர்?

இல்லை. அங்கே ‘பஹ்லவான் நசியோனல்’ என்பது அதிபர் ஆணை போட்டுத் தரும் பட்டம். இறந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். முதலில் பெற்றவர் எழுத்தாளர் அப்துல் முயிஸ், 1959இல். கொடுத்தவரே நாட்டின் முதல் அதிபர் சுகர்னோதான். 1945 ஆகஸ்ட் 17 அன்று விடுதலைப் பிரகடனத்தை வாசித்த சுகர்னோவும், கூடவே நின்ற, முதல் துணை அதிபரான ஹத்தாவும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது 2012இல். அதனால் இந்தப் பட்டியலில் யார் பெயரைப் பார்த்தாலும், பட்டம் எந்த ஆண்டு வந்தது, அப்போது ஆட்சியில் இருந்தது யார் என்று சேர்த்துப் பாருங்கள். இன்று இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன்.

பஹ்லவான் என்றால் என்ன பொருள்?

வீரர். பாரசீகச் சொல். நம் ஊர்ப் ‘பயில்வான்’ இருக்கிறாரே, அவரும் அதே சொல்லிலிருந்து வந்தவர்தான். நமக்கு மல்யுத்தக்காரர் ஆனார், அவர்களுக்கு நாட்டுக்காக உயிர் கொடுத்தவர் ஆனார்.

அண்ணா, முஸ்லிம் நாட்டின் ரூபாய் நோட்டில் பிள்ளையார் படம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

உண்மை. 1998இல் வந்த 20,000 ரூபியா நோட்டு. இப்போது புழக்கத்தில் இல்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது, இதை எழுதும்போது மேசைமேல்தான் கிடக்கிறது. நம் ஆட்கள் எல்லோரும் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் மனிதர் யார் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

அவர் கி ஹஜார் தேவந்தாரா. பிறந்தபோது வைத்த பெயர் சுவர்டி சூரியநிங்ராட், யோக்யகர்த்தா அரச குடும்பத்துப் பிள்ளை. நெப்போலியனிடமிருந்து விடுதலை பெற்ற நூற்றாண்டை 1913இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலும் கொண்டாடக் கிளம்பினார்கள். அதற்கு ஜாவாக்காரர்களிடமே வசூல் வேறு. அப்போது இவர் ‘நான் டச்சுக்காரனாக இருந்தால்’ என்று டச்சு மொழியிலேயே ஒரு கட்டுரை எழுதினார். நாம் பிடுங்கி வைத்திருக்கும் நாட்டில், அந்த மக்களின் காசிலேயே நம் விடுதலையைக் கொண்டாட மாட்டேன் என்பதுதான் சாரம். எழுதியபோது வயது 24. நெதர்லாந்துக்கு நாடு கடத்தினார்கள். அங்கே கல்வி முறைகளைப் படித்துவிட்டுத் திரும்பி, 1922இல் யோக்யகர்த்தாவில் ‘தாமன் சிஸ்வா’ பள்ளியைத் தொடங்கினார். பிறகு அரச குலப் பட்டத்தையும் பழைய பெயரையும் விட்டுவிட்டார். அவர் பிறந்த மே 2 அங்கே தேசியக் கல்வி நாள். நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்தில் ஒரு வகுப்பறை, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். பிள்ளையார் அங்கே கல்விக்கு அடையாளம், பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தின் சின்னமும் அவரே. ஒரு ஆசிரியருக்கு வந்த மரியாதை அந்த நோட்டு.

ராஜேந்திர சோழனுக்கு அங்கே சிலை உண்டா? ஸ்ரீவிஜயத்தை வென்றவர் ஆயிற்றே?

படையெடுப்பு 1025இல் நடந்தது. இன்றைய பேச்சு டச்சு ஆட்சியை எதிர்த்தவர்களைப் பற்றியது. சோழர் கடற்படைக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஏன் நவம்பர் 10 வீரர் நாள்?

சுரபாயாவுக்காக. 1945 செப்டம்பரில் அங்கே ஒரு ஹோட்டல் உச்சியில் டச்சுக் கொடி ஏறியது. இளைஞர்கள் மேலே ஏறி, அடியில் இருந்த நீலப் பட்டையை மட்டும் கிழித்து எறிந்தார்கள். மிச்சம் சிவப்பும் வெள்ளையும், அதுதான் அவர்கள் கொடி! அந்த ஹோட்டல் இன்றும் இருக்கிறது, நான் வேலைக்குப் போன வழி. போரில் தோற்ற ஜப்பானியரின் சரணடைதலை ஏற்க பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. அக்டோபர் 30 அன்று அதன் பிரிகேடியர் மல்லாபி கொல்லப்பட்டார். நவம்பர் 10 காலையில் பிரிட்டிஷ் படை நகரத்தைத் தாக்கியது. அந்தப் படையில் பெரும்பாலோர் இந்திய சிப்பாய்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வானொலியில் பேசிப் பேசி மக்களைத் திரட்டிய பூங் தோமோவுக்குப் பட்டம் கிடைத்தது 2008இல். அவர் இறந்து 27 ஆண்டு கழித்து.

கல்லூரியில் கார்த்தினி பற்றிப் பேச வேண்டும். சுருக்கமாகச் சொல்லுங்கள் அக்கா/அண்ணா.

அண்ணன்தான். 1879 ஏப்ரல் 21இல் பிறந்தார், ஊர் ஜெபாரா. டச்சுப் பள்ளியில் படித்தார். பன்னிரண்டு வயதில் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். உள்ளே இருந்தபடி டச்சுத் தோழிகளுக்குக் கடிதம் எழுதினார். பெண்களுக்குப் படிப்பு வேண்டும் என்பதுதான் திரும்பத் திரும்ப. 1904இல் பிள்ளை பெற்ற நாலாம் நாள் இறந்தார், வயது 25. கடிதங்கள் 1911இல் நூலாயின. பேச்சுக்கு இது போதும் தங்கச்சி.

ஆனால் கார்த்தினியோடு நிறுத்திவிடாதே. அவருக்குப் பட்டம் வந்த அதே 1964இல் சுமத்ராவின் வடமுனையான ஆச்சேயின் சுட் ஞாக் டியெனுக்கும் வந்தது. கணவர் தெவுக்கு உமர் 1899இல் டச்சுக்காரரோடு போரிட்டு விழுந்த பிறகு, காட்டுக்குள் இருந்து படையை நடத்தியவர். கடைசியில் கண் பார்வை மங்கி, மூட்டு வலியில் நடக்க முடியாமல் போனது. பார்க்கப் பொறுக்காமல் அவருடைய தளபதியே டச்சுக்காரர்களிடம் இடத்தைச் சொன்னார், அம்மாவை நல்லபடி நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேற்கு ஜாவாவின் சுமெடாங்குக்கு நாடு கடத்தினார்கள். அவர் பேசும் மொழி அங்கே யாருக்கும் தெரியாது. குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்த அந்த முதியவளை ஊர் ‘இபு பெர்பு’, அதாவது அரசி அம்மா என்றே அழைத்தது. 1908இல் இறந்தார். கல்லறை யாருடையது என்று உறுதியானது 1959இல்!

அந்தப் பிள்ளையார் நோட்டு…

மேலே இருக்கிறது, படியுங்கள்.

சுகர்னோவுக்கு அடுத்து அதிபரான சுகார்த்தோவுக்கும் பட்டம் கொடுத்துவிட்டார்களாமே? எப்படிச் சகிப்பது?

2025 நவம்பர் 10 அன்று பத்துப் பேருக்குக் கொடுத்தார்கள், அவரும் ஒருவர். கொடுத்தவர் அதிபர் பிரபோவோ, ஒரு காலத்தில் சுகார்த்தோவின் மருமகன். அதே பத்தில் மர்சினாவும் இருக்கிறார். கைக்கடிகாரத் தொழிற்சாலைத் தொழிலாளி. 1993 மே மாதம் சிடோவார்ஜோவில் வேலைநிறுத்தம். நாள் கூலி 1,700 ரூபியாவை 2,250 ஆக்கக் கேட்டார்கள். தோழர்கள் சிலரை ராணுவ முகாமுக்கு அழைத்து ராஜினாமா எழுதி வாங்கினார்கள். என்ன ஆயிற்று என்று விசாரிக்கப் போனவர் மர்சினா. அன்றிரவு காணாமல் போனார். சில நாளில் உடல் கிடைத்தது, சித்திரவதைக் காயங்களோடு. தண்டிக்கப்பட்டவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கொன்றது யார் என்று இன்றுவரை தீர்ப்பு இல்லை. அப்போது நாட்டை ஆண்டவர் சுகார்த்தோ.

நீங்கள் ஒருபக்கமாகப் பேசுகிறீர்கள். அரிசியில் தன்னிறைவு கொண்டுவந்தவர் அவர். 1949இல் டச்சுக்காரரோடு சண்டை போட்டவரும்தானே?

சரி, இரண்டும் உண்மை. 1949 மார்ச் 1 அன்று யோக்யகர்த்தா தாக்குதலில் படை நடத்தினார். எண்பதுகளின் நடுவில் அரிசித் தன்னிறைவும் வந்தது. என்னோடு வேலை பார்த்த முதியவர்கள் பலர் அவர் காலத்தில்தான் வயிறு நிறைந்தது என்பார்கள், அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1965–66 கம்யூனிஸ்ட் எதிர்ப்பு வேட்டையில் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது ஐந்து லட்சம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த ரத்தத்தில் எழுந்த ஆட்சி 32 ஆண்டு நீடித்தது. அந்த 1965இல் சிறப்புப் படையை நடத்திய சார்வோ எதி விபோவோவும் இதே பத்தில் இருக்கிறார்.

அப்படியென்றால் எந்தத் தலைவருக்கும் பட்டம் கொடுக்க முடியாது. எல்லோர் கையிலும் ஏதாவது கறை இருக்கும்.

கறை வேறு, கொலை வேறு நண்பரே. அதே பத்தில் இன்னொருவரைப் பாருங்கள்: அப்துர்ரஹ்மான் வாஹித், மக்கள் வாயில் குஸ் துர். சீன வம்சாவளியினர் தங்கள் சமயச் சடங்குகளையும் விழாக்களையும் வெளியில் நடத்தக் கூடாது என்று சுகார்த்தோ 1967இல் ஆணை போட்டார். குஸ் துர் அதிபரானதும் 2000இல் அதை ரத்து செய்தார். தடை போட்டவரும் நீக்கியவரும் ஒரே நாளில் வீரர்கள். மர்சினாவின் குடும்பம் பட்டத்தை வாங்கிய மேடையிலேயே சுகார்த்தோ குடும்பமும் வாங்கியது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் வாதம் வேண்டாம்.

பாலி போகிறோம், ஏதாவது பார்க்க வேண்டுமா?

இறங்கும் விமான நிலையத்தின் பெயரைப் படியுங்கள். இ குஸ்தி ங்குரா ராய், 1946 நவம்பர் 20 அன்று பாலியின் மார்காவில் டச்சுப் படைக்கு எதிராகத் தன் படையோடு கடைசி ஆள் வரை நின்று மடிந்தவர்.

இந்தியர் யாராவது உதவினார்களா? சோழர்கள்…

சோழர்களை விடுங்கள் ஐயா. பிஜு பட்நாயக் உதவினார். 1947இல் டச்சு முற்றுகையை மீறி டகோட்டா விமானத்தில் போய், இந்தோனேசியாவின் முதல் பிரதமராக இருந்த சுதன் சியாரிரை வெளியே கொண்டுவந்தார். இந்தோனேசியா அவருக்குக் கௌரவக் குடியுரிமை தந்தது.

தான் மலாக்கா பட்டியலில் இருக்கிறாரா? கம்யூனிஸ்ட் ஆயிற்றே?

இருக்கிறார். 1963இல் சுகர்னோ கொடுத்தார். இந்தோனேசியக் குடியரசு என்ற எண்ணத்தை 1925லேயே நூலாக எழுதியவர். 1949 பிப்ரவரியில் கிழக்கு ஜாவாவில் சுட்டுக் கொன்றது டச்சுக்காரர்கள் இல்லை, சொந்த நாட்டுப் படை. சுகார்த்தோ காலத்தில் பட்டத்தைப் பறிக்கவில்லை, பாடப் புத்தகத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். என்னோடு வேலை பார்த்த நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு அந்தப் பெயரே தெரியாது. செலோபங்குங் என்ற கிராமத்தில் அவருடையது என்று கருதப்படும் கல்லறையை 2009இல்தான் தோண்டிப் பார்த்தார்கள்.